முப்பத்தெட்டு வீடுகளின் கடவுச்சொல்

கையை எடுங்கள் தம்பி, அந்த ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கிவிடாதீர்கள். நகலாகிக்கொண்டிருக்கிறது. இப்போது பிடுங்கினால் எது வந்தது, எது வரவில்லை என்று தெரியாமல் போய்விடும். உங்கள் பிள்ளையின் காதுகுத்துப் படங்கள் எல்லாம் அதற்குள்தானே போகின்றன? ஐம்பது நிமிடம் காட்டுகிறது. காட்டட்டும். அது முடியாமல் உங்கள் லேப்டாப்பில் நான் ஒரு எழுத்தைக்கூட அழிக்கமாட்டேன். கேட்காமல் கொள்ளாமல் அழிக்கிறவர்கள் இந்த ஊரில் வேறு இருக்கிறார்கள்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் இதோ சொம்பில் இருக்கிறது, எடுத்துக் குடியுங்கள்.

வாசலில் நின்றுகொண்டு என்ன கேட்டீர்கள்? "வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ் சார் நல்லது?" என்று கேட்டீர்கள். நூலகச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் என் எண்ணைப் பார்த்ததாகச் சொன்னீர்கள். அந்தத் தாளை இன்னும் கிழிக்கவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம்தான். இந்த நாகர்கோவிலில் அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்டுப் பதினோரு மாதம் ஆகிறது.

டெபியன். பதில் ஒரு சொல்தான். டெபியன்.

கணினியை ஓட்டுகிற மென்பொருள்தான் லினக்ஸ், அது ஒன்றுதான். அதை எடுத்து ஆளாளுக்கு ஒரு விதமாகக் கட்டித் தருகிறார்கள். வழங்கல் என்று சொல்லுவோம். மாவு ஒன்றுதான், கடைக்குக் கடை தோசை வேறு. உபுண்டு, ஃபெடோரா, மின்ட் என்று நூறு இருக்கிறது. எல்லாம் இலவசம், எல்லாம் நல்லதுதான். நான் எதையும் குறை சொல்வதில்லை. ஆனால் வீட்டுக்கு டெபியன். ஏன் என்று கேளுங்கள். அதை நிறுவும்போது மொழி கேட்கும், நாடு கேட்கும், கணினிக்கு ஒரு பெயர் கேட்கும். பெயர் முடிந்ததும் நிர்வாகி கடவுச்சொல் கேட்கும். அதற்கும் பிறகுதான் வீட்டுக்காரரின் கடவுச்சொல். பார்த்தீர்களா, இரண்டு. வீட்டுக்காரருடையது தினமும் திறந்து உள்ளே போவதற்கு. நிர்வாகியுடையது புதிதாக ஒன்றைப் போட, பிரிண்டர் மாட்ட, இருப்பதை நீக்க. வாசல் சாவி வேறு, பெட்டகச் சாவி வேறு. வேறு பலவற்றில் இரண்டும் ஒரே சாவிதான்.

நான் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். எக்ஸ்சேஞ்ச் அறைச் சாவி என் இடுப்பில்தான் கிடக்கும். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் நான் வந்து திறந்தால்தான் கதவு. சாவியின் அருமை எனக்குத் தெரியும்.

முப்பத்தெட்டு வீடு தம்பி. வடசேரி, கோட்டார், ஒழுகினசேரி, ராமவர்மபுரம். முப்பத்தெட்டு வீட்டுக்கும் நான் சைக்கிளில் போய் டெபியன் போட்டிருக்கிறேன். ஒரு காசு வாங்கியதில்லை. தமிழில் படித்தவர்களுக்குத் தமிழிலேயே வர வேண்டும் என்று இரண்டு வருடம் உட்கார்ந்து சொல் சொல்லாக மொழிபெயர்த்தேன். ஒரு மழைக்காலத்தில் பெருமாள் பிள்ளை வீட்டுக்கு ஒன்பது நாள் தொடர்ந்து போனேன். அவருக்கு எண்பது வயது, காது கேட்காது. மகனுக்குக் கடிதம் தட்டச்சு செய்ய வேண்டும் என்றார். ஒன்பதாவது நாள் முழுக் கடிதமும் அடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதெல்லாம் இன்றைக்கு யாருக்கு நினைவிருக்கிறது?

வாசல் சாவி அவர்களிடம், பெட்டகச் சாவி என்னிடம். அப்படித்தான் வைத்திருந்தேன். முப்பத்தெட்டுக்கும் ஒரே கடவுச்சொல். இந்த வயதில் எத்தனையை நினைவில் வைப்பது?

ஏன் கொடுக்கவில்லை என்று நீங்களும் கேட்பீர்கள். முதல் வருடம் கொடுத்தேன். மாசிலாமணி என்று ஒருவர், ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவருக்கு இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். இணையத்தில் எவனோ சொன்னான் என்று எதையெதையோ போட்டு, ஒரே வாரத்தில் திரை கருப்பாகிவிட்டது. "ஒம்ம லினக்ஸ் கெட்டுப் போச்சு ஓய்" என்று கடையில் நாலு பேர் முன்னால் சொன்னார். அவர் கெடுத்துவிட்டு லினக்ஸ் கெட்டது என்கிறார். அன்றைக்கு முடிவு செய்தேன். அவர்கள் நன்மைக்குத்தான். ஏதாவது வேண்டுமென்றால் எனக்கு ஒரு போன் போதும். அரை மணி நேரத்தில் சைக்கிள் வாசலில் நிற்கும்.

போனதும் என்ன வேண்டும் என்று கேட்பேன். பார்ப்பேன். கடவுச்சொல் அடிக்க வேண்டிய இடம் வந்ததும், "ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்குமா?" என்பேன். அவர்கள் உள்ளே போய் வருவதற்குள் அடித்துவிடுவேன். ஆளை வைத்துக்கொண்டு கடவுச்சொல் அடிக்கக்கூடாது. அது பாதுகாப்பின் முதல் பாடம். முகத்துக்கு நேரே "திரும்பிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் மனம் நோகும். தண்ணீர் கேட்டால் யார் மனம் நோகும்?

பிறகு காபி வரும். பேசிக்கொண்டிருப்போம். கல்யாணம் காட்சி எல்லாவற்றுக்கும் முதல் பத்திரிகை எனக்குத்தான். அப்படி இருந்தது.

வில்பிரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். நான் போட்டிருக்கும் இந்தக் கண்ணாடியும் அவன் கடையதுதான். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். நானும் அவனும் சேர்ந்துதான் இந்த ஊர் லினக்ஸ் சங்கத்தைத் தொடங்கினோம். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு டியூஷன் மாடியில் கூடுவோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக் கணினிக்கு எந்த வழங்கலைச் சங்கம் பரிந்துரைக்கிறது என்று வாக்கெடுப்பு நடக்கும். அது சும்மா ஒரு சடங்கு. "டெபியன், கை தூக்குங்கள்" என்பேன். தூக்குவார்கள். சுண்டல் சாப்பிட்டுப் போய்விடுவோம். பத்து வருடம் அப்படித்தான்.

போன வருடம் ஆனி மாதம் என் தங்கை வீட்டுக்காரர் சங்கரன்கோவிலில் இறந்துபோனார். மூன்று நாள் அங்கே இருந்தேன். சாவு வீட்டில் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். இது தப்பா? நீங்களே சொல்லுங்கள்.

திரும்பி வந்து போனைத் திறந்தால் பதினேழு அழைப்பு. எல்லாம் லில்லி புஷ்பம் டீச்சர். வடசேரியில் இருக்கிறார், வீட்டுக்காரர் இல்லை, ஒரே மகள், ஷைனி. நன்றாகப் படம் வரையும் பெண். வரைகலைக் கல்லூரி ஒன்றுக்கு நுழைவுத் தேர்வு, வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதுவது. அவர்கள் சொன்ன ஒரு மென்பொருளைக் கணினியில் போட்டால்தான் உள்ளே போக முடியும். போனில் வராது. லினக்ஸுக்கும் அதைக் கொடுத்திருந்தார்கள், அந்த மட்டும் நல்லவர்கள். அந்தப் பெண் முதல் நாள் ராத்திரி போடப் பார்த்திருக்கிறது. நிர்வாகி கடவுச்சொல் கேட்டிருக்கிறது.

கேட்கத்தானே செய்யும்? அதற்குத்தானே அது இருக்கிறது?

ஷைனி தன் பெயர், அம்மா பெயர், என் பெயர், என் மனைவி பெயர் எல்லாம் போட்டுப் பார்த்ததாம். காலையில் பிரௌசிங் சென்டருக்கு ஓடியிருக்கிறார்கள். தேர்வு ஒன்பதரைக்கு. சென்டர்காரர் பத்து மணிக்குத்தான் திறப்பார். பத்தேகாலுக்கு உள்ளே போனால் தேர்வு மூடிவிட்டது.

எனக்கு வருத்தம் இல்லையா? கேள்விப்பட்ட அன்று சாயங்காலமே யாரும் கூப்பிடாமல் நானே போனேன். தண்ணீர் கேட்டேன். டீச்சர் கொண்டுவந்து வைத்தார். அந்த மென்பொருளை நானே போட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. "அடுத்த வருடம் எழுதலாம் டீச்சர், இப்போது எல்லாம் தயாராக இருக்கிறது" என்றேன். அவர் எழுந்துபோய் வாசல் விளக்கைப் போட்டார். ஷைனி இப்போது மார்த்தாண்டத்தில் பி.காம் படிக்கிறாள். படிக்கிறாள் அல்லவா? வீட்டில் சும்மா உட்கார்ந்துவிடவில்லையே?

எவ்வளவு ஆயிற்று? இன்னும் முப்பத்திரண்டு நிமிடம் காட்டுகிறது. உங்கள் பிள்ளைக்குப் படம் அதிகம்.

வாக்கெடுப்பு நடக்கிற ஐப்பசிக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் வில்பிரட் இங்கே வந்தான். நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலி. நனைந்த குடையை மடக்கி இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, சுற்றி வளைத்து ஏதேதோ பேசினான். பிறகு சொன்னான்.

"அண்ணாச்சி, கோவப்படாதீங்க. அந்த பாஸ்வேர்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க. அம்புட்டுதான். நானே டெபியனுக்குக் கை தூக்குதேன்."

"இல்லையென்றால்?"

"இல்லன்னா ஆளுக மின்ட் கேக்காங்க அண்ணாச்சி. அதுல ஒரு பாஸ்வேர்டுதான். வீட்டுக்காரங்களே வச்சுக்கிடலாம்."

"சாவியைத் தெருவில் போடச் சொல்கிறாயா வில்பிரட்?"

"தெருவுல இல்ல அண்ணாச்சி. அவங்க அவங்க வீட்டுலதான்."

எப்படிப் பேசுகிறான் பார்த்தீர்களா? பன்னிரண்டு வருடம் என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தவன். சிப்ஸையும் கொடுத்துவிட்டு மிரட்டுகிறான். அவனுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவனே நான். "நீ போகலாம்" என்றேன். பகவதி, என் மனைவி, அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் எழுந்ததும், "காப்பி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றாள். நான் போகச் சொன்ன ஆளை அவள் உட்காரச் சொல்கிறாள். அவனும் உட்கார்ந்து குடித்தான். குடித்துவிட்டு, "மைனி, காப்பி அருமை" என்று அவளைப் பார்த்துச் சொன்னான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கூட்டத்தன்று நல்ல மழை. மழையில் யார் வருவார்கள் என்று நினைத்தேன். வழக்கமாகப் பதினைந்து பேர் வருகிற இடத்தில் ஐம்பது பேர். இடம் இல்லாமல் படியில் நின்றார்கள். என் வாழ்நாளில் அந்தச் சங்கத்துக்கு அவ்வளவு கூட்டம் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பகவதியும் வந்தாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. தூக்குவாளி நிறைய உளுந்தவடை. எனக்காக வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வில்பிரட் இரண்டு நிமிடம்தான் பேசினான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "அண்ணாச்சி இல்லன்னா நாம யாரும் இங்க இல்ல" என்றுகூடச் சொன்னான். கத்தியை எண்ணெயில் தோய்த்துவிட்டுக் குத்துவது அப்படித்தான்.

பிறகு நான் எழுந்தேன். மூன்று தாள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். நம்முடைய கணினி நம் கையில் இருக்க வேண்டும், வேறு ஒருவன் நம் வீட்டுக்குள் உட்கார்ந்து இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்லக்கூடாது, அதற்காகத்தான் உலகம் முழுக்க இத்தனை பேர் கூலி வாங்காமல் உழைக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். சுதந்திரம் என்ற சொல் மட்டும் ஒன்பது இடத்தில் இருந்தது. படிக்கப் படிக்க என் குரல் உயர்ந்துகொண்டே போனது. இரண்டாவது தாளில் தொண்டை கட்டிக்கொண்டது. நிறுத்தி, "கொஞ்சம் தண்ணீர்" என்றேன்.

அவ்வளவுதான். பின்னால் யாரோ, "ஏடே, சார் தண்ணி கேக்காரு, எல்லாரும் உள்ள போங்கடே!" என்று கத்தினான். கூட்டம் முழுக்கச் சிரித்தது. படியில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். ஒரு கிழவன் தொண்டை காய்ந்து தண்ணீர் கேட்டால் சிரிப்பார்களா? பெருமாள் பிள்ளை காது கேட்காமலே சிரித்தார். இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், அதில் என்ன சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. மரியாதை போனபிறகு எதற்கும் சிரிப்பார்கள்போல.

லில்லி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் எழுந்துபோய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை. என் பக்கத்திலேயே நின்றார். நான் குடித்து முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவது தாளை நான் படிக்கவில்லை.

டெபியனுக்குக் கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கினேன். பெருமாள் பிள்ளை தூக்கினார். அடுத்து மின்ட் என்றார்கள். பெருமாள் பிள்ளை அதற்கும் தூக்கினார். ஆக, என் ஒரு கை.

மற்ற எல்லாக் கைகளும் அந்தப் பக்கம். நான் எண்ணவில்லை. தூக்குவாளிக்குப் பக்கத்தில் ஒரு கை இருந்தது, அதைத்தான் பார்த்தேன். எண்ணெய்க் கை. வடை எடுத்த கையை அப்படியே தூக்கியிருந்தாள். சங்கத்தில் அவள் உறுப்பினர்கூட இல்லை தம்பி! சட்டப்படி அந்தக் கை செல்லாது. நான் எழுந்து அதைச் சொன்னேன். "ஒரு ஓட்டக் கழிச்சிக்கிடலாம் அண்ணாச்சி" என்றான் வில்பிரட், மெதுவாக.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏன் தூக்கினாய்?"

"கை மரத்துப் போச்சு, தூக்குனேன்" என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"விளையாடாதே பகவதி."

"விளையாடத்தானே முடியல? முப்பத்திமூணு வருசமா இந்த வீட்டுல குடியிருக்கேன். ஒரு சீட்டு வெளையாட்டு போட்டுப் பாக்கணும்னாலும் ஒங்ககிட்ட மனு குடுக்கணும். நீங்க வேண்டாம்பிய. நான் சரிம்பேன்."

சீட்டு விளையாட்டு! அதற்காக ஒரு மனிதனை ஊர் முன்னால் ஒற்றைக் கையாக நிற்க வைப்பதா? விளையாட்டுகளை எல்லாம் நான் நீக்கிவிடுவது உண்மைதான், எல்லா வீட்டிலும். நேரம் வீணாகும். அவள் நேரத்தை நினைத்துத்தான் செய்தேன்.

அதற்குப் பிறகு நாலு ஞாயிறு. நாலே ஞாயிறு. முப்பத்தெட்டு வீட்டிலும் டெபியனை எடுத்துவிட்டு மின்ட் போட்டுவிட்டார்கள். கடைத்தெருவுக்குப் போகும்போது வில்பிரட்டின் ஸ்கூட்டர் ஒவ்வொரு வாசலாக நிற்பதைப் பார்ப்பேன். அழிப்பதற்கு யாருடைய கடவுச்சொல்லும் வேண்டாம், தெரியுமா? ஒரு பென்டிரைவைச் சொருகி மேலேயே எழுதிவிடலாம். அது டெபியனின் குறை இல்லை, எந்தக் கணினியிலும் அப்படித்தான். நான் பன்னிரண்டு வருடம் ஒரு சொல்லைக் காத்தேன். அது எதையும் காக்கவில்லை.

இந்த வீட்டையும் விடவில்லை. நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவனை வரச்சொல்லி, பகவதி தன் லேப்டாப்பில் மின்ட் போட்டுக்கொண்டாள். அதையும் எடுத்துக்கொண்டுதான் புனேக்கு மகள் வீட்டுக்குப் போனாள். மாசி மாதம் போனாள், மூன்று மாதம் என்று. இது ஏழாவது மாதம். பேத்திக்குப் பல் முளைக்கிறதாம். ஒரு குழந்தைக்குப் பல் முளைக்க எவ்வளவு நாள் ஆகும் தம்பி? உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு நாள் ஆயிற்று?

ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள். சாப்பிட்டீங்களா என்பாள். சாப்பிட்டேன் என்பேன். பின்னால் சீட்டுக் கலைக்கிற சத்தம் கேட்கும், கம்ப்யூட்டர் சீட்டுதான். பேசிக்கொண்டே ஆடுகிறாள்.

இதை எல்லாம் எதற்கு உங்களிடம் சொல்கிறேன்? நீங்கள் கேட்டீர்கள், எது நல்லது என்று. ஊரில் எல்லோரும் மின்ட் என்பார்கள். நீங்கள் தாளைப் பார்த்து என்னைத் தேடி வந்தீர்கள். அதை நான் மறக்கமாட்டேன். இனி ஏதாவது என்றால் வேறு யாரிடமும் போக வேண்டாம். ஒரு போன் போதும். சைக்கிளுக்குப் புது டயர் போட்டிருக்கிறேன்.

ஆ, முடிந்துவிட்டது. எடுங்கள், இப்போது பிடுங்கலாம். இதைப் பத்திரமாகப் பைக்குள் வையுங்கள், இதில்தான் உங்கள் படம் எல்லாம் இருக்கிறது. இனி என் பென்டிரைவ். இதோ. பார்த்தீர்களா, எவ்வளவு அமைதியாக எழுந்து வருகிறது? மொழி. தமிழ். நாடு. இந்தியா. இந்த "நாடு" என்ற சொல்லுக்கே மொழிபெயர்க்கும்போது நாங்கள் இரண்டு நாள் சண்டை போட்டோம், வில்பிரட் தேசம் என்று போடச் சொன்னான். சரி, அது கிடக்கட்டும். கணினிக்குப் பெயர் கேட்கிறது. பிள்ளை பெயரைப் போடலாமா? என்ன பெயர்? இமயன். நல்ல பெயர். ஆங்கில எழுத்தில்தான் கேட்கும். இதோ, போட்டாயிற்று.

தம்பி, பேசிப் பேசித் தொண்டை காய்ந்துவிட்டது. இந்தச் சொம்புத் தண்ணீர் வேண்டாம், காலையில் பிடித்தது. உள்ளே நேரே போனால் அடுக்களை, இடது பக்கம் பானை இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவருகிறீர்களா? அவசரம் இல்லை. டம்ளரை ஒருமுறை கழுவிவிட்டே கொண்டுவாருங்கள்.